ஸ்டெல்லா நகர்த்திய முகவரி

ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் சேலம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஸ்டெல்லாவின் தம்பி எதிரே வந்து என் கையைப் பிடித்தார். "அக்கா போயிட்டாங்க" என்றார். பஸ் வந்தது, போயிற்று. சாவுச் செய்தி கேட்டால் அழுகை வரும் என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பதுகூட ஆகாதவரைக் கொண்டுபோக அப்படி என்ன அவசரம்?

உங்களில் பலர் அவரைக் கிளியூர் மாதா கோயிலில் பாடுகிறவராகவும், சேலத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவராகவும் அறிவீர்கள். அதற்கு முன் ஏற்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் வேலை பார்த்தோம். அந்தக் கதையை முழுதாகச் சொல்ல இனி என்னை விட்டால் ஆளில்லை.

டீயில் மிளகைத் தட்டிப் போடுவார். வேண்டாம் என்றாலும் நமக்கும் ஊற்றுவார். கம்ப்யூட்டர் மெஷின் மெதுவாக எழுந்தால், "எந்திரி கண்ணு, எந்திரி சாமி" என்று அதைக் கொஞ்சுவார். நாங்கள் கேலி செய்தால், திட்டுனா மட்டும் சீக்கிரம் எந்திரிக்குதாக்கும் என்று திருப்பிக் கொடுப்பார்.

காப்பி எஸ்டேட்டுகளுக்குக் கணினி வைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். கணினியை உள்ளே இருந்து நடத்தும் நிரலுக்குக் கர்னல் என்று பெயர். அதோடு வந்து ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்கள் மாட்யூல்கள். மின்தராசுக்கான மாட்யூலை நான் எழுதினேன். பிரிண்டருக்கானதை ஸ்டெல்லா எழுதினார். மூன்றாவது ஒன்று வெளியில் வாங்கியது.

ஒரு மழைக்காலத்தில், தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட்டில் மெஷின் திரும்பத் திரும்ப விழுந்தது, அதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது. அதுவும் சம்பள நாளில். எடை போட முடியவில்லை, சீட்டு அடிக்க முடியவில்லை, ஆட்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். எஸ்டேட்காரர் எங்கள் முதலாளியைப் பிடித்து உலுக்கிவிட்டார். முதலாளி எங்களிடம் வந்து, யார் எழுதியதில் தப்பு இருக்கிறதோ அவர் அடுத்த மாதம் வர வேண்டாம் என்றார்.

விழும் மெஷின், அந்த நேரத்தில் தன் நினைவகத்தில் இருந்ததையெல்லாம் டிஸ்கில் கொட்டிவிட்டுப் போகும். அதற்கு டம்ப் என்று பெயர். எஸ்டேட்டிலிருந்து டம்ப்பை டேப்பில் வரவழைத்து, அதைப் படிக்கும் கருவியில் போட்டுப் பார்த்தோம். மெஷின் விழுந்த இடம் என் தராசு மாட்யூல் என்று காட்டியது. என் நிரலை வரிவரியாகப் படித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. படுக்கையில் அப்பா, பள்ளியில் இரண்டு பிள்ளைகள். கருவியே சொல்லிவிட்ட பிறகு யாரிடம் போய் வாதாடுவது?

ஸ்டெல்லாதான் விடவில்லை. "ஏனுங்க, செத்தது எஸ்டேட் மெஷினு. நம்ம ஆபீஸ் மெஷினோட முகவரிய வெச்சுப் பாத்தா எப்படிங்க?" என்றார்.

மாட்யூலின் எந்த வேலை எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வது, பிழை தேட உதவும் டீபக் தகவல். மாட்யூல் நினைவகத்தில் எந்த இடத்தில், அதாவது எந்த முகவரியில் ஏறியதோ, அந்த முகவரிக்கே இந்தத் தகவலையும் நகர்த்தி ஏற்றினால்தான் கருவி சரியான பெயரைச் சொல்லும். எங்கள் ஆபீஸில் தராசு முதலில் ஏறும், பிரிண்டர் பிறகு. அந்தக் கணக்கிலேயே எஸ்டேட் டம்ப்பையும் பார்த்துவிட்டோம். கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டருக்கு போன் போட்டுக் கேட்டார் ஸ்டெல்லா. கரண்ட் போய் வந்தால் ரைட்டர் தன் கையாலேயே பிரிண்டர் மாட்யூலை முதலில் ஏற்றுவாராம். சம்பளச் சீட்டுதானே அவருக்கு அவசரம்! அங்கே முகவரிகள் இடம் மாறிக் கிடந்தன. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். எனக்குச் சோறு இறங்காததால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டம்ப்புக்குள் இருந்த மாட்யூல் பட்டியலிலிருந்து உண்மையான முகவரிகளை எடுத்து, டீபக் தகவலை அங்கே நகர்த்தி ஏற்றினார். திரையில் என் தராசு மறைந்தது. அதே இடத்தில், பிரிண்டருக்காக அவரே எழுதிய பகுதியின் பெயர் வந்து நின்றது.

ஸ்டெல்லா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். முதலாளி வந்ததும், "சார், செல்வம் எழுதுனது இல்லைங்க. என்னோடதுங்க" என்றார். மறுநாள் உட்கார்ந்து அந்தத் தப்பைத் திருத்தியும் கொடுத்தார். அவருக்காக நான் முதலாளியிடம் மன்றாடினேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். அந்த மாதக் கடைசியில் ஸ்டெல்லா போய்விட்டார். பிறகு எத்தனையோ வருஷம், தினமும் சேலத்துக்கு மலை இறங்கி ஏறினார். அந்த அளவுக்கு வேலை தெரிந்தவர் மறுபடி ஒரு டம்ப்பைத் தொடவே இல்லை.

போன மாதம் கிளியூரில் அவரைப் பார்க்கப் போனேன். நோவு உடம்பைப் பாதியாக்கியிருந்தது. இத்தனை காலம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். தன் வேலை போகும் என்று தெரிந்தேவா அன்று தோண்டினார்?

"எம் பேரு வரும்னு தெரிஞ்சிருந்தா தொட்டே இருக்க மாட்டனுங்க. வெளியில வாங்குனதாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

வந்த பிறகு ஏன் சொன்னீர்கள் என்றேன்.

"நீங்கதான் பக்கத்துல உக்காந்திருந்தீங்களே."

அடக்கத்தன்று கோயிலில், எனக்காக வேலையை விட்ட தியாகி என்று அவரைப் பேசினார்கள். பேசட்டும். அன்று நானும் சாப்பிடப் போயிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. நான் போகவில்லை, அவர் சொன்னார். அந்த வேலையில்தான் இன்றைக்கும் இருக்கிறேன், என் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு இருப்பது இதுதான்.