அப்பா ஊதினார், மாஸ்டர் பாடினார்

போன மாதம் என் மகன் போனில் ஒரு பாட்டைக் காட்டினான். பாட்டு ஓடுகிற வரைக்கும் திரையில் ஒரே ஒரு போட்டோ. பேண்ட் செட் உடுப்பு, தோளில் ஜரிகைக் குஞ்சம், தலையில் தொப்பி. எங்கள் அப்பா வேலை பார்த்த செட்டின் மாஸ்டர். அவருடைய பேரன் ஏற்றியிருக்கிறான். இது தமிழில் ஜாஸ் ஆல்பம், இதில் பாட்டு, சாக்ஸபோன் இரண்டும் எங்கள் தாத்தா என்று எழுதியிருந்தான். கீழே ஆட்கள் பாராட்டியிருந்தார்கள். ஒரே ஆள் பாடவும் செய்து ஊதவும் செய்வது லேசுப்பட்ட காரியமா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நான் எட்டாவதோடு நின்றவள். போனில் தமிழ் அடிக்க எனக்கு நேரமாகும். அடித்தேன். பாடினதும் ஊதினதும் எங்க அப்பா என்று போட்டேன். மறுநாள் பேரன் பதில் போட்டிருந்தான்.

“அக்கா, எங்க தாத்தா பாடுனதுக்கு சாட்சியே இருக்கு. அந்த சாக்ஸ்காரர் பெத்த பிள்ளையே கோரிப்பாளையத்துல கடையில வச்சு சொல்லியிருக்கு.”

மேலே சாக்ஸபோனும் தாத்தா என்று எழுதிய கைதான் கீழே சாக்ஸ்காரர் என்று எழுதுகிறது. அதற்குக்கூட வெட்கமில்லை. போனை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிற வேலை. அன்று நான் போட்ட காஜா எல்லாம் கோணல்.

அந்தப் பிள்ளை நான்தான். அவன் சொல்வது பொய்யில்லை. அதுதான் எரிகிறது.

அப்போது எனக்கு ஏழு வயது. ஞானஒளிவுபுரத்தில் குடியிருந்தோம். அப்பா மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவர். அங்கே பேண்டில் சாக்ஸபோன் கற்றுக்கொண்டார். பிறகு கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் சில வருஷம் வாசித்தார். ஜாஸ் அங்கே பிடித்த பழக்கம். ஓட்டல் கைமாறியதும் மதுரைக்கு வந்து மாஸ்டர் செட்டில் சேர்ந்தார். கல்யாணம், கோயில் சப்பரம், சாவு ஊர்வலம் எல்லாம் போவார்கள்.

பேண்ட் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ட்ரம்மில் யார் பேர் எழுதியிருக்கிறதோ அவர்தான் செட்டு. மற்ற ஆட்களுக்குப் பேர் கிடையாது. கிளாரினெட் வந்தாச்சா, சாக்ஸ் வந்தாச்சா என்றுதான் கேட்பார்கள். அப்போதே அப்பா பதினோரு வருஷமாகச் சாக்ஸாக இருந்தார்.

கல்யாண வீட்டில் அப்பா நடுவில் கொஞ்சம் ஜாஸ் பக்கம் போய்விடுவார். மெட்டு ஒரு பக்கம் போகும், சாக்ஸ் வேறு தெருவில் நுழையும். மாஸ்டர் நடந்துகொண்டே திரும்பிப் பார்த்து, பாட்டு எங்கடா போகுது, ஆள் விட்டுக் கூட்டிட்டு வா என்பார். செட்டே சிரிக்கும். அப்பா சிரிக்க மாட்டார். பாட்டைக் கூட்டிக்கொண்டு வருவார்.

வீட்டிலும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பேச்சும் குறைவு. சோறு போடு, விளக்கை அமத்து, செருப்பை உள்ளே வை. அவர் குரல் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாதா கோயிலில்கூட எல்லோரும் பாடும்போது அவர் சாக்ஸ்தான் ஊதுவார்.

எட்டுப் பாட்டு அவராக எழுதி, அவராக மெட்டுப் போட்டார். எல்லாம் ஜாஸ். தமிழ் வார்த்தை. மாஸ்டருக்குத் தெரிந்த ஒருவர் அரசரடிப் பக்கம் வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்திருந்தார். செட்டின் பேரில் கேசட் போடலாம் என்று மாஸ்டர்தான் சொன்னார். பதிவு அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பா என்னையும் கூட்டிப்போனார்.

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய அறை. நடுவில் கண்ணாடி. அப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஊதினார். கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். நான் இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் பசிக்கிறது என்றேன். ஸ்டுடியோக்காரர் சம்சாரம் என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய்த் தயிர்ச்சோறும் மாங்காய் ஊறுகாயும் போட்டார். சாப்பிட்டு அங்கேயே பாயில் தூங்கிவிட்டேன்.

நான் திரும்பி வந்தபோது ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. சாக்ஸும் இருந்தது, பாடுகிற குரலும் இருந்தது. அப்பா என் ஸ்டூலில் உட்கார்ந்து, சாக்ஸை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள்ளே மைக் முன்னால் மாஸ்டர் நின்றார். காதில் ஹெட்போன். என்னைப் பார்த்ததும் கண்ணை உருட்டி, கையை விரித்து, பாட்டுக்குத் தக்கபடி வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா உதடுகூட லேசாகப் பிரிந்தது.

விளையாட்டுக்குத்தான் செய்தார் என்று இப்போதும் நினைக்கிறேன். அன்றைக்கு அது விளையாட்டுதான்.

கேசட் வந்தது. அட்டையில் மாஸ்டர் படம். பாடியவர் என்று மாஸ்டர் பேர். பொடி எழுத்தில் சாக்ஸபோன் என்று போட்டு அப்பா பேர். பதினோரு வருஷத்தில் முதல் தடவை அச்சில் பேர் வந்திருக்கிறது, அதற்குச் சந்தோஷப்படு என்று மாஸ்டர் சொன்னாராம். அம்மா அந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு அடுப்பை ஊதப் போனாள்.

கேசட்டை எல்லா ஊருக்கும் அனுப்பியவர் கோரிப்பாளையம் முக்கில் கேசட் கடை வைத்திருந்த பாய். நியாயமான மனுஷன். பாட்டு நன்றாகப் போனது. சோழவந்தான் வரைக்கும் டீக்கடையில் போட்டார்கள். இருந்த சரக்கு தீர்ந்து மறுபடியும் போட வேண்டி வந்தது. புது அட்டை திங்கள்கிழமை சிவகாசிக்கு அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டு, அப்பா சனிக்கிழமை பாயிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். பாடினது நான், என் பேரைப் போடுங்கள் என்று. பாய் இரண்டு பேரையும் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச் சொன்னார்.

கோயில் முடிந்ததும் அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனார். எதற்கு என்று சொல்லவில்லை. வழி நெடுக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாடினது நான்தான் பாப்பா என்று சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போனால் அது சாட்சி இல்லை என்று நினைத்திருப்பார். அவர் அப்படி ஆள். எனக்கு அவர் மேலும் கோபம்தான்.

கடையில் மாஸ்டர் இருந்தார். ஸ்டுடியோக்காரரும் இருந்தார். ஆட்டோக்காரர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். பாய் முதலில் ஸ்டுடியோக்காரரைக் கேட்டார். அவருக்கு மாஸ்டர்தான் வேலை பிடித்துக் கொடுக்கிறவர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, தினம் பத்துப் பேர் வந்து பாடுறாங்க, யாரு எதப் பாடுனாங்கன்னு எனக்கு ஞாபகம் இல்ல பாய் என்றார். பாட்டைப் பதிந்த ஆளுக்கு ஞாபகம் இல்லை.

அப்போது அப்பா என் தோளில் கை வைத்தார்.

“அன்னைக்கு எம்பிள்ளை இருந்துச்சு பாய். அது பொய் சொல்லாது. கேளுங்க.”

பாய் கேசட்டைப் போட்டார். முக்கு முழுக்கக் கேட்டது. எனக்குப் பக்கத்தில் குனிந்து, நன்றாகக் கேட்டுக்கொள் மகளே, யாருக்கும் பயப்படாதே, பாடுவது யார் என்று சொல் என்றார்.

கேட்டேன். நிஜமாகவே கவனமாகக் கேட்டேன். அந்தக் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. வார்த்தைக்கு நடுவில் சிரித்துவிட்டு, அப்படியே அழப்போகிற மாதிரி இறங்கி, மறுபடி எழுந்து வந்தது. வீட்டில் விளக்கை அமத்து என்கிற குரலோடு சேர்த்துப் பார்த்தேன். சேரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மாஸ்டர் வாய் திறந்து மூடியது ஞாபகம் வந்தது.

“மாஸ்டர் மாமா பாடுனாரு. மைக் முன்னாடி நின்னாரு, நான் பாத்தேன்.”

“அப்ப உங்கப்பா?”

“அப்பா ஊதுனாரு.”

ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, சத்தமாகவும் இல்லாமல், பாசமாகத்தான் சொன்னார்.

“மனுஷனுக்கு வாய் ஒண்ணுதான மாப்ள. ஊதுற வாய் எப்படிய்யா பாடும்?”

இன்னும் சிரித்தார்கள். ஒரு ஆட்டோக்காரர், அண்ணே மூக்கால பாடிருப்பாருண்ணே என்றார். நானும் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அதனால் சிரித்தேன்.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

“இதுல என்ன தம்பி சண்டை. ரெண்டு வரி பாடுங்க. இங்கனயே முடிஞ்சிரும்.”

மாஸ்டர் விசிறுவதை நிறுத்தினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார், மறுபடியும் கழற்றினார். ஸ்டுடியோக்காரர் தலை இன்னும் கீழே போனது.

அப்பா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். இத்தனை பெரிய ஆட்களுக்கு நடுவில் என்னிடம் கேட்டார்கள், நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டேன் என்ற பெருமை.

“வேணாம் பாய். பிள்ளை சொன்னதுதான்.”

அம்புட்டுத்தான். பாய் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்து டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு தேன்மிட்டாய் கொடுத்தார். அட்டை மாறாமல் சிவகாசிக்குப் போனது.

மறு வருஷம் இரண்டாவது ஆல்பம் போட்டார்கள். அப்பா மெட்டுப் போட்டுக் கொடுத்து, சாக்ஸ் ஊதி, வாயை மூடிக்கொண்டார். இந்தத் தடவை மாஸ்டர் நிஜமாகவே பாடினார். பாயின் கடையில் பெட்டி பெட்டியாகத் தேங்கியது. இதிலாவது நாலு பேருக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாஸ்டருக்கு அந்தச் சமயம் தொண்டை கட்டியிருந்தது என்று சொன்னார்கள். முதல் ஆல்பத்தின் பேர் இரண்டாவதால் கெடவில்லை. தொண்டைதான் கெட்டது, குரல் அவருடையதாகவே நின்றது.

உண்மை எனக்குத் தெரிய வந்தது என் கல்யாணத்தில். மாஸ்டர் செட்டுதான் வந்தது. சாப்பாட்டுப் பந்தி முடிந்து, ட்ரம்முக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் வெற்றிலை போட வெளியே போயிருந்தார். அப்பா எனக்கு எதிரில் வந்து நின்று நாலு வரி பாடினார். சாக்ஸை எடுத்து ஊதினார். இறக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடினார். வார்த்தைக்கு நடுவில் அந்தச் சிரிப்பு வந்தது. முதலில் ஊதிவிட்டு, நான் அடுப்படியில் தூங்கிய நேரத்தில் பாடிப் பதிந்திருக்கிறார். நான் கண்ணீர் விட்டேன். புகுந்த வீட்டுக்குப் போகிற அழுகை என்று எல்லோரும் தேற்றினார்கள். அப்பா சாக்ஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மறுபடி ஒரு நாள் அவர் பாடி நான் கேட்கவில்லை. இப்போது அவரும் இல்லை, மாஸ்டரும் இல்லை.

வாய் ஒன்றுதான் என்று சொல்லி எங்கள் அப்பாவின் பாட்டைப் பிடுங்கினார்கள். இப்போது ஊதினதும் மாஸ்டரே என்கிறார்கள். மாஸ்டருக்கு மட்டும் வாய் இரண்டா? பேரனுக்கு இதைத்தான் பதிலாக அடித்தேன். அவன் என் பதிலை நீக்கிவிட்டான். மறுபடி அடித்தேன். அதையும் நீக்கினான். இன்றைக்கும் அடிப்பேன்.

அன்று கடையிலிருந்து திரும்பும்போது அப்பா சைக்கிளை மெதுவாக மிதித்தார். நான் முன் பாரில் உட்கார்ந்து மிட்டாயைச் சப்பிக்கொண்டு வந்தேன். பாலத்துக்குக் கீழே ஆற்றில் மாடுகள் மேய்ந்தன. தலையைத் திருப்பி அவரிடம் கேட்டேன்.

“நான் கரெக்டா சொன்னேன்லப்பா?”

அவர் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி, அது போகிற வரைக்கும் காலை ஊன்றி நின்றார்.

“ஆமாத்தா. பாத்ததச் சொன்ன.”

இரண்டு வரி பாடியிருந்தால் பேர் அவருக்கு வந்திருக்கும். அத்தனை பேருக்கு முன்னால் நான் பொய்க்காரி ஆகியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அப்பா தோற்றார், ஆனாலும் என்னைத் திட்டவில்லை, அதனால் நான் ஜெயித்தேன் என்று மட்டும் விளங்கியது. சைக்கிள் மணியை அடிக்கட்டுமா என்று கேட்டேன். அடி என்றார். பாலம் முடிகிற வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தேன்.