டஜனில் கணக்குப் போட்ட என் மகள்

என் மகள் கிருபா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே காய்ச்சலில் விழுந்தாள். மூட்டுகள் வீங்கின. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். காய்ச்சல் இருதயத்தைத் தொட்டுவிட்டது என்றார் டாக்டர். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. ஓடக்கூடாது, கூட்டத்தில் சேரக்கூடாது, தான் சொல்லும்வரை பள்ளிக்கூடமும் வேண்டாம் என்றார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நானும் என் மனைவி சாந்தியும் பஸ்ஸில் அவளை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு திருப்பூர் வந்து சேர்ந்தோம்.

நான் திருப்பூரில் நெருப்பெரிச்சல் என்கிற பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை செய்கிறேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாந்தி எட்டாவது வரை போனவள். "நானே புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கறனுங்க" என்றாள். வாசிக்கப் பழக வேதாகமம் இருந்தது. எட்டு வயதில் கிருபா அதிலுள்ள சங்கீதங்களைத் தடுமாறாமல் வாசித்தாள். கேட்கக் கேட்க எனக்குக் கண் நிறையும். கணக்குக்கு வீட்டில் இருந்தது பனியன்தான். சாந்தி கம்பெனியிலிருந்து பனியன்களை எடுத்து வந்து, நூல் பிசிறு வெட்டி, டஜன் டஜனாகக் கட்டித் திருப்பி அனுப்புவாள். அந்தக் கட்டுகளை வைத்தே கூட்டல் கழித்தல் எல்லாம் நடந்தது. இத்தனை டஜன், இத்தனை உதிரி, கூட்டினால் எவ்வளவு? கிருபா டஜன் கணக்கிலேயே பட்டென்று சொல்வாள். நானும் சரிபார்ப்பேன். எல்லாம் சரியாகவே இருக்கும். என் மகள் கணக்கில் புலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து என் அக்கா வந்தாள். அவள் மகள் நிர்மலாவுக்கும் கிருபா வயதுதான். இங்கிலீஷில் பாட்டுப் பாடினாள், வாய்ப்பாடு ஒப்பித்தாள். பிறகு சிலேட்டில் ஒரு கணக்கு எழுதிக் கிருபாவிடம் நீட்டினாள். எழுபத்தெட்டும் நாற்பத்தாறும். கிருபா யோசிக்கவே இல்லை. நூற்றிருபத்திரண்டு என்று எழுதினாள்.

"மாமா, இதுல ரெண்டு பீஸ் காணோமுங்க!" என்று நிர்மலா கைகொட்டிச் சிரித்தாள்.

பிறகுதான் எங்களுக்கே விளங்கியது. எட்டும் ஆறும் பதினாலு. எங்கள் வீட்டில் பதினாலு என்றால் ஒரு டஜன், உதிரி இரண்டு. கிருபா இரண்டை எழுதிவிட்டு ஒன்றை அடுத்த வரிசையில் ஏற்றிவிட்டாள். எல்லாரும் பத்தை ஏற்றுகிற இடத்தில் என் மகள் பன்னிரண்டை ஏற்றியிருக்கிறாள்!

"ஏன் தம்பி, புள்ளையப் படிக்க வெக்கறீங்களா, பேக்கிங்குக்குப் பழக்கறீங்களா?" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். கிருபா சிரிக்கவில்லை. சிலேட்டை அழித்துவிட்டு உள்ளே போனாள்.

பொங்கல் கழிந்து டாக்டரிடம் போனோம். வரும் ஜூனிலிருந்து பள்ளிக்கூடம் போகலாம், ஊசியை மட்டும் விடக்கூடாது என்றார். அழுதே விட்டோம். அந்தச் சந்தோஷம் பள்ளிக்கூட வாசல் வரைதான் இருந்தது. தலைமையாசிரியை நல்ல அம்மா. ஆனால் உறுதியாகச் சொன்னார். "ஜூன்ல ஒரு பரீட்சை வெப்பேன். தேறுனா வயசுக்குத் தக்கன அஞ்சாவது. இல்லீன்னா ரெண்டாவதுலதான் உக்காரணும்."

வீட்டுக்கு வந்ததும் கிருபா சொன்னாள். "சின்னப் புள்ளைங்ககூட உக்கார வெச்சா நான் போகவே மாட்டனுங்கப்பா."

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். துணி வெட்டும்போதும் மனதுக்குள் ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். என் பிள்ளைக்குப் பத்துப் பத்தாகச் சொல்லிக்கொடுக்க யாரையாவது அனுப்பும்." மனிதர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வெட்கம்.

அந்தக் கோடையில் கரண்ட் அடிக்கடி போனது. மிஷின்கள் நின்றன. முதலாளி குறுக்கும் நெடுக்கும் நடந்து எல்லார்மேலும் எரிந்து விழுந்தார். ஒரு நாள் அப்படிக் கரண்ட் போயிருந்தபோது, துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் ஒரு அட்டைப்பெட்டியில் எழுபத்தெட்டையும் நாற்பத்தாறையும் நான் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் பக்கத்து மேஜை டெய்லர் சுலைமான் பாய் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்னங்கண்ணா, மொதலாளி கம்பெனிய நம்மளுக்கு எழுதி வெச்சுட்டாருங்களா? பங்கு பிரிக்கறீங்க?"

மழுப்பப் பார்த்தேன். பாய் விடவில்லை. சொல்லிவிட்டேன். டஜன் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? என் சம்சாரம் கல்யாணத்துக்கு முந்திப் பல்லடத்துல டீச்சருங்க. இப்பக் கைக்குழந்தைய வெச்சுட்டு ஊட்லதான் இருக்குது. நாளைக்கே புள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

பாயின் வீடு எங்களுக்கு அடுத்த வீதி! சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சத்தமாகவே சொன்னேன். "கரண்டு வந்துருச்சுங்களா?" என்றார் பாய்.

அந்த அம்மாள் பெயர் மெஹருன்னிசா. கிருபாவின் கணக்கைப் பார்த்தார், சாந்தி கட்டி வைத்த பனியன்களைப் பார்த்தார். "புள்ளை மேல ஒரு தப்பும் இல்லீங்க. நீங்க கட்டறத மாத்துங்க, புள்ளை தானா மாறிக்கும்" என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டில் பனியன்களைப் பத்துப் பத்தாகக் கட்டினோம். கம்பெனிக்கு அனுப்புமுன் பிரித்து மறுபடி டஜனாகக் கட்டுவோம். ஒரு நாள் அவசரத்தில் மறந்துபோய் அப்படியே அனுப்பிவிட்டோம். சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏனுங்கக்கா, டஜனுக்குப் பத்துன்னு எந்த ஊர்லீங்க சட்டம்?"

"எங்க புள்ளை பாஸாகற வரைக்கும் எங்க ஊட்லீங்க!" என்றாள் சாந்தி. அத்தனை மாதத்தில் அன்றுதான் கிருபா வாய்விட்டுச் சிரித்தாள்.

பரீட்சை அன்று நானும் சாந்தியும் பள்ளிக்கூடச் சுவரோரம் நின்றோம். என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை. இயேசுவே, இயேசுவே என்றதுதான் நினைவிருக்கிறது. கதவு திறந்தது. கிருபா டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்து ஓடி வந்தாள்.

"அப்பா, அஞ்சாவதுங்க!"

"ஓடாத கண்ணு, ஓடாத!" என்று கத்திக்கொண்டே நானும் ஓடினேன். பின்னால் வந்த தலைமையாசிரியை, "கணக்குல ஒண்ணுதாங்க தப்பு. வாசிப்புல அஞ்சாவதையும் தாண்டிட்டா" என்றார்.

இப்போது கிருபா ஒன்பதாவது படிக்கிறாள். இருதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். கர்த்தருக்கே மகிமை. சனிக்கிழமை மாலையில் எங்கள் வீதிப் பிள்ளைகள் சிலர் எங்கள் வீட்டில் படிக்கிறார்கள். மெஹருன்னிசா அம்மாள் கணக்குச் சொல்லித் தருகிறார், சாந்தி வாசிக்க வைக்கிறாள். நான் டீ போடுகிறேன்.

உங்கள் பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது என்ற பயம் உங்களில் யாருக்காவது இருக்கலாம். தயங்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கிறார், இது நான் கண்ட உண்மை. அவரிடம் சொன்ன கையோடு, பக்கத்து மேஜைக்காரரிடமும் சொல்லுங்கள். பதிலை ஆண்டவர் அந்த மனிதர் கையில்தான் கொடுத்து வைத்திருக்கிறாரோ என்னவோ.