அக்கா இறந்த ஞாயிற்றுக்கிழமை

திங்கட்கிழமை காலையில் தம்பியின் ஐந்து சட்டைகளையும் அக்காதான் தேய்ப்பாள். முதலில் காலர், பிறகு கை, கடைசியில் முதுகு. சீருடை தைக்கும் ஆலையில் இருபத்தாறு வருஷம் இஸ்திரி மேஜையில் நின்றவள். அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படித்தான். அதற்குள் கல்யாண வயது அவளைத் தாண்டிப் போய்விட்டது. இப்போது தம்பி வீட்டில், துணி துவைக்கும் மெஷின் இருக்கும் சின்ன அறையில் படுத்துக்கொள்கிறாள். மெஷின் சுற்றும்போது கட்டிலும் கூடவே நகரும்.

தம்பிக்கு அரசாங்கத்தின் அடையாளத் திட்டத்தில் வேலை. ஆளுக்கு ஓர் எண். ஃபோனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினால் போதும், எந்த அலுவலகமும் இன்னார் என்று நம்பிவிடும். ஃபோனில் வரும் ஒவ்வொரு திரையையும் செய்து முடித்ததும் முதலில் அக்காவிடம்தான் நீட்டுவான். அவள் கட்டைவிரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வான்.

“‘சரிபார்ப்பு நிராகரிக்கப்பட்டது’ன்னு போட்டிருக்கியே, யாரைடா திட்டுற?”

“முகம் சரியா தெரியலன்னு அர்த்தம்க்கா.”

“அதையே எழுதித் தொலையேன்.”

அதையே எழுதினான். ஆபீசில் இதற்கு ‘அக்கா பரீட்சை’ என்று பேரே விழுந்துவிட்டது. அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

தனியாக வாழும் பெண்களுக்கு அரசாங்கம் தரும் ஒற்றை அறை வீட்டுக்கு அவள் எழுதிப்போட்டுப் பதினோரு வருஷம். ஒரு சமையல் மேடை, ஒரு ஜன்னல், உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட ஒரு கதவு. இந்த மாதம் அவள் முறை வந்தது. முப்பது நாளுக்குள் போய் முகத்தைக் காட்ட வேண்டும். தவறினால் வீடு அடுத்தவளுக்கு.

நாலாம் நாளே போனாள். கவுன்ட்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்க அவங்களுக்கு என்ன உறவும்மா?”

“எவங்களுக்கு?”

“தவறிட்டாங்களே, இவங்களுக்கு.”

“நான்தாம்மா அது.”

அந்தப் பெண் திரையையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “இறந்துட்டதா பதிவாகியிருக்கு. யார் பதிஞ்சாங்களோ அவங்களே வந்து தப்புன்னு எழுதிக் கொடுக்கணும். எங்களால ஒண்ணும் பண்ண முடியாது.” இறந்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

போன வருஷத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அக்காவுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளை எழுப்பி ஸ்டூலில் உட்காரவைத்து, தம்பி ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்தான். கண்ணில் நீர் வழிய வழிய நாலு தடவை சிமிட்டினாள்.

கவுன்ட்டரிலிருந்து திரும்பிய சாயங்காலமே சீட்டை அவன் முன்னால் வைத்தாள். அவன் சட்டை பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தான்.

“அன்னிக்கு உன் முகத்த எடுத்த கையோட இறப்புப் பதிவு பண்ற திரையயும் சோதிச்சுப் பார்த்தேன். நிஜ ஆளோட எண்ணைப் போடக் கூடாதுன்னு ரூல். அவசரத்துல உன்னோடதப் போட்டுட்டேன். சோதனைக்குப் போட்ட பொய் ஆளுங்க எல்லாரையும் அழிச்சுட்டுதான் திட்டத்த ஆரம்பிச்சாங்க. உன் எண் நிஜங்கறதால அழியல.”

“சரி, உசுரோட இருக்கேன்னு மாத்திப் போடு.”

“அதுக்குப் பட்டன் கிடையாதுக்கா.”

“ஏன் கிடையாது?”

“நான்தான் வேணாம்னேன். செத்தவங்கள உசுரோட காட்டி பென்ஷன் திங்கறாங்கன்னு.” அந்த யோசனைக்கு அவனை மேடையேற்றிக் கை தட்டினார்கள். படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது; அதில் போட்டிருக்கும் சட்டையும் அக்கா தேய்த்ததுதான்.

“அப்போ புது ஆளா பதிஞ்சுக்கறேன்.”

“செத்தவங்க முகத்தோட யாராவது வந்தா போலீசுக்குத் தகவல் போயிடும்.”

“அதுவும் உன் வேலைதானா?”

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

“நீ போய் எழுதிக் கொடுத்தா?”

“வேலை போயிடும்க்கா. அடுத்த மாசம் என்னைத் தலைவராக்கப் போறாங்க.”

சமையலறையிலிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். “இங்க உங்களுக்கு என்ன குறைச்சல் அண்ணி? சோறு போடலியா, படுக்க இடம் குடுக்கலியா? நீங்க பாட்டுக்குத் தனியா போயிட்டா இவர் சட்டைய யாரு தேய்க்கறது?” சொல்லிவிட்டுச் சிரித்தாள், விளையாட்டுக்குச் சொன்னதுபோல.

“செத்தவ தேய்ச்ச சட்டையப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போக உன் புருஷனுக்குப் பயமா இல்லியா?” என்றாள் அக்கா. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நாளைக்குப் பார்க்கலாம் என்றான் தம்பி. மறுநாளும் அதையே சொன்னான். மூன்று வாரம் இப்படியே போயிற்று. அந்த வாரங்களிலும் திங்கட்கிழமை வந்தது, ஐந்து சட்டைகள் வந்தன.

முப்பதாம் நாளும் திங்கட்கிழமையாகவே விழுந்தது. அக்கா நீலச் சட்டையை மேஜையில் விரித்தாள். முதலில் காலர், பிறகு கை. தம்பி பனியனோடு அவள் அறைக்குள் வந்து மெஷினில் சாய்ந்து நின்றான்.

“ஆச்சாக்கா?”

“முதுகு பாக்கி.”

இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை மேலிருந்து கீழே இழுத்தாள். சட்டையை எடுத்து நீட்டினாள். ஆனால் விடவில்லை, ஒரு பக்கம் அவள் கையிலும் மறுபக்கம் அவன் கையிலுமாகச் சட்டை நின்றது.

“இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது. எழுதிக் கொடுப்பியாடா?”

அவன் சட்டையை மெல்ல இழுத்துக்கொண்டான். சூடு ஆறாமலே போட்டு, பட்டன்களை ஒவ்வொன்றாக மாட்டினான். கையை மடித்துவிட்டுக்கொண்டான். “நாளைக்குப் பாக்கலாம்க்கா” என்று கட்டிலைச் சுற்றி நடந்து, அறையை விட்டு வெளியே போனான்.