வெட்டின அரை இஞ்ச்

படத்துக்கு ஃப்ரேம் போடறவனைப் போலப் படத்தைப் பார்க்காத ஆள் உலகத்துல கிடையாது. எங்க கண்ணு முழுக்க ஓரத்துலதான். துணி வெட்டறவங்க, முடி வெட்டறவங்க, கையில கத்தி பிடிச்ச அத்தனை பேருக்கும் என் கஷ்டம் புரியும். ஒருதடவையாவது தப்பா வெட்டினவங்களுக்கு இன்னும் நல்லாவே புரியும்.

சாமி இல்லாத படம்

காஞ்சிபுரத்துல என் கடைக்கு வர்றதுல முக்கால்வாசி சாமி படம், மிச்சம் கல்யாண போட்டோ. போன மாசம் மாகறல்லேர்ந்து ஸ்டெல்லான்னு ஒரு நர்ஸம்மா, சுருட்டின படம் ஒண்ணைக் கொண்டாந்தாங்க. வீட்டுக்காரர் வடக்கே மலையில ரோடு போடற வேலையில இருக்காராம். லீவு கிடைக்கல, படம்தான் வந்திருக்கு.

விரிச்சா என் மேஜையே பத்தல. பனி மூடின மலை, அதுக்குப் பின்னாடி அதைவிடப் பெரிய மலை, நடுவுல ஏரி, மேகத்தைப் பிளந்துக்கிட்டு வெயில். நூத்தம்பது வருஷத்துக்கு முன்ன யாரோ வெள்ளைக்காரர் வரைஞ்ச ஓவியமாம், இது அதோட அச்சு. காகிதமே தடிமனா, தொட்டா துணி மாதிரி இருந்தது. "ஞாயித்துக்கிழமை அவரு டவுனுக்கு எறங்கி வந்து வீடியோ கால்ல பேசுவாரு. அதுக்குள்ள செவுத்துல இருக்கணும்ணா" ன்னு சொல்லிக்கிட்டே பஸ்ஸுக்கு ஓடினாங்க.

கோபுரம் எங்கே?

அன்னைக்கே வேலையை முடிச்சேன். காலண்டர் சாமி படத்துல கீழே பிரஸ் பேர் போட்டிருப்பாங்க இல்லியா, அதை வெட்டித்தான் எனக்குப் பழக்கம். இதுலயும் கீழே வெள்ளை ஓரத்துல பொடி எழுத்து. கத்தி தானா போயிடுச்சு. கையில இருந்த ஃப்ரேமுக்கு அடங்கணும்னு படத்துலயும் அரை இஞ்ச் சேர்த்து இழுத்தேன். இவ்ளோ பெரிய மலையில அரை இஞ்ச் யாருக்குத் தெரியப்போகுது?

அவங்க வர்ற வரைக்கும் கடை முகப்புல மாட்டி வச்சேன். பெருமைதான், வேற என்ன? ஏனாத்தூர்லேர்ந்து விதை வாங்க வந்த ஒருத்தர் செருப்பைக் கழட்டிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் உச்சியிலேர்ந்து அடிவாரம் வரைக்கும் விரலால தேடினார். திருப்தியே இல்ல. "இம்மாம் பெரிய மலை, ஒரு கோபுரம் இல்ல, ஒரு ஆளு இல்ல. அப்புறம் யாருக்காகப்பா வரைஞ்சான்?"

தறிக்கு அடங்காத கலர்

பக்கத்துக் கடை ரகு, பட்டுச் சேலைக்கு டிசைன் போடறவன். டீ கிளாஸோட வந்தவன் டீ ஆறிப்போறது தெரியாம நின்னான். மலைக்கு என்ன கலர்னு எண்ண ஆரம்பிச்சு, பதினாலுல குழம்பி, மறுபடி முதல்லேர்ந்து எண்ணினான். நான் போட்ட மரக்கலர் ஃப்ரேம் அவனுக்குப் பிடிக்கவே இல்ல. உடம்பு ஊதான்னா பார்டர் மாம்பழ மஞ்சள்தான் வைக்கணுமாம். கடைசியில கோவத்தோடயே சொன்னான்: "ஒரு கலரு எங்க முடியுது, இன்னொண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னு கோடே இல்லியேப்பா, இதை எந்தத் தறியில போடறது?"

எண்ணி ஒரே ஆள்

சனிக்கிழமை காலையில ஸ்டெல்லா வந்தாங்க. முகமெல்லாம் சிரிப்பு. மலையைப் பார்க்கல, ஏரியைப் பார்க்கல, நேரா குனிஞ்சு கீழ் ஓரத்தைப் பார்த்தாங்க. இடமிருந்து வலம், வலமிருந்து இடம். சிரிப்பு போயிடுச்சு.

அங்க ஒரு ஆள் இருந்தானாம். நகக்கண்ணு உசரம், தொப்பி, பக்கத்துல ஒரு குதிரை. "போட்டோ எடுத்தா மலை சின்னதா விழுது, இந்தப் படத்துலதான் நெஜமா இருக்குது, கீழ குதிரைகிட்ட நிக்கிறது நான்தான்னு வச்சுக்கோ" ன்னு வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருக்கார். வெட்டினதைச் சொன்னேன். அந்தம்மா திட்டியிருந்தாக்கூடத் தேவலை. கண்ணாடி மேல விரலை வச்சுக்கிட்டு மெதுவா கேட்டாங்க: "அப்ப எங்க வூட்டுக்காரரு எங்கண்ணா?"

பெருமாளுக்குப் பின்னாடி

குப்பைக் கூடையைக் கவுத்துப் பார்த்தேன், இல்ல. அப்புறம்தான் பொறி தட்டுச்சு. ஃப்ரேமுக்குப் பின்னாடி அட்டை ஆடினா, வெட்டின துண்டை மடிச்சு இடுக்குல சொருகிடுவோம். அன்னைக்கு அடுத்து செஞ்சது திருப்புட்குழி மளிகைக் கடையம்மாவோட பெருமாள் படம்.

வண்டியை விரட்டினேன். சனிக்கிழமையாச்சே, பெருமாளுக்குத் துளசி மாலை, முன்னால விளக்கு. விளக்கு மலையேறாம படத்தைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. ஒரு மணி நேரம் அந்தச் சுடரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அணைஞ்சதும் படத்தை இறக்கி, ஆணியைப் பிடுங்கி, துண்டை விரிச்சேன். மடிப்பு குதிரை மேல விழுந்திருந்தது, ஆள் பத்திரம். ஒரு கை குதிரை மேல, முகம் மலையைப் பார்த்து. அப்பதான் நானும் அந்த ஆளை முதல்தடவையா பார்க்கறேன். அவனுக்குப் பின்னாடி அந்த மலை எம்மாம் பெருசுன்னும் அப்பதான் உறைச்சது. கடையம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எட்டிப் பார்த்தாங்க. "ஏம்பா, நாலு நாளா நான் இவனுக்குமா சேர்த்து கற்பூரம் காட்டியிருக்கேன்?"

வீடியோ கால்

ராத்திரிக்குள்ள ஒட்டிட்டேன். எவ்வளவு இழைச்சும் இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு. ஞாயித்துக்கிழமை நானே மாகறல் போய் மாட்டினேன். போன் அடிச்சதும் கதவுக்குப் பின்னாடி ஒதுங்கிக்கிட்டேன், திட்டு விழும்னுதான்.

ஸ்டெல்லா எதையும் மறைக்கல. வெட்டினது, பெருமாள், ஒட்டினது எல்லாத்தையும் சொல்லி, போனை அந்த வெள்ளைக் கோட்டுக்குக் கிட்ட கொண்டுபோனாங்க. அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு சிரிப்புச் சத்தம். "அந்த ஃப்ரேம் கடைக்காரரை இங்க அனுப்பு ஸ்டெல்லா! நாங்க ரெண்டு வருசமா மலையை ஒடைச்சுக்கினு கெடக்கோம், அவரு ஒரே நாள்ல எனக்கு வூட்டுக்கு வர்றதுக்கு ரோடு போட்டுட்டாரு!"

இப்பல்லாம் கத்தி எடுக்கறதுக்கு முன்னால மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிஞ்சு, பிரஸ் பேருக்குப் பக்கத்துல யாராவது நின்னுக்கிட்டு இருக்காங்களான்னு பார்த்துட்டுத்தான் வெட்டறேன்.