கண்ணை மட்டும் மறைத்த படம்

போன மாதம் எங்கள் கல்லூரியில் பேச்சுப் போட்டி. அதிர்ச்சி தரும் விழிப்புணர்வு விளம்பரங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுகின்றனவா, இல்லையா என்பது தலைப்பு. காப்பாற்றுகின்றன என்று பேசியவளுக்குத்தான் பரிசு. பார்த்தால் வயிறு கலங்க வேண்டும், அப்போதுதான் ஜனங்களுக்கு உறைக்கும் என்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசினாள். நான் கடைசி வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஊர் வயிற்றைக் கலக்கிய முகங்களில் ஒன்று என்னுடையது என்று எழுந்து சொல்ல வாய் வரவில்லை. நான் ஒரு தப்பும் செய்யவில்லை. இருந்தாலும் இன்றைக்கும் அவமானமாகத்தான் இருக்கிறது.

எங்கள் திருத்தணியில் பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் மண்டபம் பிடிக்கிறார்களோ இல்லையோ, பேனர் அடித்துவிடுவார்கள். எனக்கும் அடித்தார்கள். மயில் சிம்மாசனத்தில் நான், சுற்றிலும் வட்ட வட்டமாக மாமன்மார் தலைகள். வகுப்புப் பையன்கள் அதன் கீழே நின்று சிரித்தார்கள். விசேஷம் முடிந்ததும் யாரோ அதைக் கழற்றிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டார்கள். விட்டது சனியன் என்று நினைத்தேன். படம் பேனர் கடைக் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் பிளஸ் ஒன் படித்தபோது, ஆடிக் கிருத்திகைக்கு முன்னால், ஊர்ச் சங்கம் ஒன்று குழந்தைத் திருமணத்துக்கு எதிராகப் பேனர் வைத்தது. காவடிக் கூட்டம் மொத்தமும் பார்க்க வேண்டும் என்று ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் வைத்தார்கள். கடைக்காரர் கைக்குக் கிடைத்த படத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். கிடைத்தது என் படம். கழுத்தில் தாலி, கன்னத்தில் ரத்தக்கட்டு, உதட்டோரம் வழிகிற ரத்தம், எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தது. கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை. கீழே சிவப்பில், ‘இவளைச் சிதைத்தது யார்?’

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அந்தப் பட்டை. என் மோவாய் மச்சம் தெரிந்தது, அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி தெரிந்தது. எங்கள் தெருவுக்கு அது போதாதா?

அந்த ஸ்டாண்டில்தான் எங்கள் நைனா ஆட்டோ ஓட்டுகிறார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். முறை வரும்வரை அந்தப் பேனருக்குக் கீழேதான் வண்டியைப் போட்டு உட்கார வேண்டும். ஏறுகிற சனம் சவாரி முழுக்க அதைப் பற்றியே பேசும். “எந்தப் பாவி இப்டி அடிச்சானோ, அவன் கை வெளங்குமா?” என்று ஒரு அம்மா சாபம் விட்டாளாம். நைனா காதில் வாங்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். தெரிந்தவர்கள் அதைவிட மோசம். கூட ஓட்டுகிறவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இன்னாப்பா, வூட்ல எதுனா பிரச்சனையா? பொண்ணு மேல கை வச்சியா?” என்று கேட்டாராம். சாராயம் தொடாத, சத்தம் போட்டுப் பேசாத மனுஷன் எங்கள் நைனா. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு பேனர் கடைக்குப் போனார். “கண்ணத்தான் மறைச்சிட்டோமேங்க, யாருக்குத் தெரியப்போவுது? நல்ல காரியத்துக்குத்தானேங்க” என்றார் கடைக்காரர். சங்கத்துக்காரர்கள், திருவிழா முடியட்டும், எடுத்துவிடலாம் என்றார்கள். சண்டை போட்டால் இன்னும் நாலு பேருக்குத் தெரியும் என்று நைனா திரும்பிவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் நானும் கத்தவில்லை. கத்தினால் தெருவில் போகிறவர்கள் நின்று என் மச்சத்தைப் பார்ப்பார்களே!

அந்த வாரமே பள்ளிப்பட்டிலிருந்து அத்தை வந்தாள். நைனாவின் அக்கா.

“ஊர் வாய மூட உலமூடியா இருக்குது? எம் புள்ளைக்கே கட்டிக் குடுத்துடு. ஆவணில முடிச்சிடலாம். இனிமே வெளியேர்ந்து எவன் வந்து கேக்கப்போறான்?”

அவள் மகன், எனக்குப் பாவா, கட்டிக்கொள்கிற முறை, என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் பெரியவர். அம்மா அழுதாள். அழுதுகொண்டே சரி என்றாள். நைனா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம். குழந்தைக் கல்யாணம் கூடாது என்று வைத்த பேனரால் பதினாறு வயதில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு என் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது. அம்மா என் புத்தகங்களைப் பரணில் ஏற்றினாள்.

உதவிக்கு அழைக்கும் எண்ணும் அதே பேனரில்தான் இருந்தது. என் ரத்தத்துக்கு அத்தனை இடம் கொடுத்தவர்கள், எண்ணைக் கீழோரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அதையும் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி மறைத்திருந்தது. நைனா சவாரி போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன்.

“அண்ணா, வண்டியக் கொஞ்சம் தள்றீங்களா? நம்பர் தெரியல.”

“யாருக்கும்மா நம்பரு?”

“ஃபிரண்டுக்கு.”

ஜூஸ்காரர் என்னைப் பார்த்தார், தலையைத் தூக்கிப் பேனரைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். “ஆங்” என்று மட்டும் சொல்லி வண்டியைத் தள்ளினார். டம்ளரோடு நின்றவர்களும் மேலும் கீழும் பார்த்தார்கள். நடு ரோட்டில் துணியில்லாமல் நிற்கிற மாதிரி உடம்பு கூசியது. குனிந்து எண்ணைப் படித்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடி வந்தேன்.

அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினேன். எதிர்ப்பக்கம் பேசிய பெண், என்ன வகுப்பு, சாப்பிட்டியா என்றுதான் ஆரம்பித்தாள். யாராவது அடித்தார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அடிக்காதபோது கூப்பிட்டது தப்போ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது, போனை வைக்கப் பார்த்தேன். “அடிக்கலன்னாலும் வருவோம்மா. உனக்கு இஷ்டமில்லல்ல, உனக்கு வயசாவலல்ல, அது போதும்” என்றாள். இந்த ஒரு வார்த்தையைப் பேனரில் போட்டிருக்கலாம். படிக்கிறவர்களுக்கு வயிறு கலங்காது, அவ்வளவுதான்.

அதிகாரிகள் வந்தார்கள். கல்யாணம் நின்றது. யாரும் கேட்காமலே நைனா வந்திருந்த பெண் அதிகாரியிடம், “நான் கை வச்சதே இல்லீங்க மேடம்” என்றார். அத்தை எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள், புத்தகங்கள் பரணிலிருந்து இறங்கின.

விஷயம் சங்கத்தின் காதுக்கு எட்டியதும் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கள் பேனரைப் பார்த்து ஒரு பெண் பிழைத்துவிட்டாள் என்று மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். எனக்குச் சால்வையாம். பேனரில் இருப்பதும் நான்தான் என்பதை மேடையில் சொல்ல மாட்டோம் என்று நைனாவிடம் வாக்குக் கொடுத்தார்கள். வராவிட்டால் ஊர் வேறு கதை கட்டும் என்று அவரும் ஒத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். சங்கத்துக்காரர்கள் வாக்குத் தவறவில்லை.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நன்றி என்று சொல்லிவிட்டு இறங்குவதாகத்தான் இருந்தேன். நைனாவைப் பார்த்தேன். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அந்தப் பேனர்ல இருக்கறது என் மூஞ்சி. ரத்தமெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டது. எங்க நைனா என்ன ஒரு நாளும் அடிச்சதில்ல.”

மண்டபத்தில் பலமாகக் கைதட்டினார்கள். நைனாவின் மானத்தை மீட்டுக் கொடுத்துவிட்டேன் என்ற கர்வத்தோடுதான் மேடையை விட்டு இறங்கினேன்.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் வாயைத் திறந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

“அத ஏம்மா சொன்ன? அங்க குந்திகினு இருந்தவங்கள்ல பாதிப் பேருக்கு அது நீன்னே தெரியாது. எங்க நைனா அடிக்கலன்னு பொண்ணு மைக்கப் புடிச்சி சொல்ற நெலமையில எந்த அப்பன்மா இருக்கான்?”