பாடு முடிந்த பிறகு கையெழுத்து

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனால் ஊருக்கு வரும் காகிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் மூடிக் கிடந்தது. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால், எறா என்று நாங்கள் சொல்லும் இறாலும் வராது. மணலை அள்ளச் சொல்லி ஆங்கிலத்தில் மனு எழுதித் தரும்படி ஊரில் கேட்டார்கள். எறா எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். "ஏத்தம் எறக்கம்தாம்மா" என்றார்கள், கேட்ட எல்லோரும். ஒரு அளவு கூடிக் குறைந்து கொண்டிருந்தால் ஆங்கிலத்தில் ஃப்ளக்சுவேட் என்பார்கள் என்று வகுப்பில் படித்திருந்தேன். அதை மனுவில் சரியான இடத்தில் வைத்துவிட்டதாக எனக்குப் பெரிய திருப்தி.

பொன்னேரி அரசு அலுவலகத்தில் அதிகாரி மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏறுது, இறங்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ தானா ஏறப் போவுது. எதுக்கு மண்ணு அள்ளணும்?" வார்த்தைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் சரி. அடுத்த மாதக் குறைதீர் கூட்டத்துக்கு முன் மாற்றி எழுதி, வலைக்காரர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். ஊர்த் தலைவர் கையெழுத்து கட்டாயம் வேண்டும் என்றார்.

நேராகத் தலைவரிடம் போனேன். எனக்குப் பெரியப்பா முறை.

"பெரியப்பா, கடைசியா எறா எப்போ ஏறிச்சு? போன வருசமா?"

"இல்ல."

"அதுக்கு முன்ன?"

"அப்பவும் இல்ல."

"அப்போ இன்னாத்துக்கு ஏத்தம்னு சொன்னீங்க?"

"என் பாடு இன்னும் வரலியேம்மா."

ஏரியில் நல்ல இடங்களில் வலை போட எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாள் ஒதுக்குவார்கள். அந்த முறைதான் பாடு. தன் பாடு வருவதற்கு முன் ஏரியில் எறா குறைந்துபோனதாக எவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வலை காலியாக வருமாம். இது எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தேன். மனு எழுத உட்கார்ந்தபோது மட்டும் மறந்துபோனது. என் மேலேயே கோபம் வந்தது.

எறா குறைந்துகொண்டே போகிறது என்று மாற்றி எழுதி, எல்லோருக்கும் தமிழில் சொன்னேன். தலையாட்டினார்கள். பேனாவை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

வீட்டில் நைனாவிடம் கத்தினேன். "நீயாவது போடு நைனா."

"வியாழக்கிழமை என் பாடு. கத்தாத. படிச்ச பொண்ணு மாரியா கீது?"

"படிச்சதாலதான் கத்துறேன்."

அம்மா சிரித்தாள்.

வியாழக்கிழமை நைனா கொண்டுவந்த கூடையின் அடி தெரிந்தது. கைகூடக் கழுவாமல், "பேனா குடு" என்றார். போட்டார்.

அப்போதுதான் வழி புரிந்தது. அன்றிலிருந்து மனுவை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு தினமும் கரைக்குப் போய் நின்றேன். பாடு முடித்து இறங்குபவர் கூடையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். நாளுக்கு ஒன்று. வேகமாகப் போடச் சொல்லி யாரைத் திட்டுவது?

கூட்டத்தன்று காலை எல்லோரும் போட்டிருந்தார்கள், தலைவரைத் தவிர. அவருடைய பாடு அன்றைக்குத்தான். பொன்னேரி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கண்டக்டரிடம் இரண்டு நிமிடம், இரண்டு நிமிடம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். பெரியப்பா ஈரக் கைலியோடு வேகமாக வந்தார். கூடையைக் காணோம். நானும் கேட்கவில்லை.

பஸ்ஸின் பக்கவாட்டில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். விரல் ஈரத்தில் மை கொஞ்சம் இழுபட்டது.

"ஏறும் எறங்கும்னு வர்ற அந்த வார்த்த இதுல இல்லல்ல?"

"இல்ல பெரியப்பா."

"அடுத்த பாட்டுல ஏறிச்சுன்னா?"

"ஏறட்டும். அதுக்கு வேற மனு எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.