தலை கறுத்த இறால்

கடைப் பண்டங்களின் உறைகளை வாசிப்பதே என் வேலையாகிப் போயிருந்தது. மகளுக்கு முட்டு வருத்தம். மூச்சு இழுக்கத் தொடங்கினால் கதிரையில் நிமிர்த்தி இருத்தி, இன்ஹேலரை வாயில் வைக்க வேண்டும். அதனால் நிறம் போட்ட இனிப்பு, சுவைத்தூளோடு வரும் நூடில்ஸ் என்று எதையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. இறாலில் மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அது என் கூடப்பிறந்த அண்ணன் பிடிப்பது.

ஞாயிறு பூசை முடிய, பையும் கையுமாக வருவார். "மருந்து ஒண்டும் போடேல்லை, பயப்பிடாமல் பிள்ளைக்குக் குடு," என்பார். வெள்ளை வெளேரென்று இருக்கும். எனக்குப் பெருமை பிடிபடாது.

போன மாதம் இறால் கறியோடு சாப்பிட்டு எழும்பியவளுக்கு மூச்சு இழுத்தது. இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. ஆசுபத்திரியில் டொக்டர், இறால் கறுக்காமல் இருக்க சல்பைட் தூள் போடுவார்கள் என்றார். கனபேருக்கு அது ஒன்றும் செய்யாதாம். முட்டு உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். "அது என்ரை அண்ணை பிடிச்சது, டொக்டர்," என்று அவரோடு சண்டைக்குப் போனேன்.

மறுநாள் பிள்ளையின் நிலைமையைச் சொல்ல அண்ணன் வீட்டுக்குப் போனேன். குசினியில் மச்சாள் இறால் உரித்துக்கொண்டிருந்தா. எல்லாம் தலை கறுத்தவை.

"இதென்ன இப்பிடிக் கறுத்திருக்கு?"

"இது எங்கட வீட்டுக்கு. தூள் போட முதலே எடுத்து வைச்சிடுவம். எங்கட பிள்ளையளுக்கு அது ஏன்?"

பின்னால் வந்து நின்ற அண்ணனிடம் கத்தினேன். "மருந்து போடேல்லை எண்டு சொன்னனீங்கள்!"

"அது மருந்தில்லையடி, இறால் வாங்கிற முதலாளி தாற பவுடர். கறுத்ததைக் கொண்டு வந்தால், தங்கச்சி வீட்டுக்குக் கழிச்சதைத் தாறான் எண்டு மச்சான் நினைக்க மாட்டாரோ?"

"அப்ப உங்கட பிள்ளையளுக்கு ஏன் அந்தப் பவுடரைக் குடுக்கேல்லை?"

என் புருஷனிடம் தன் மானம் காக்க, அண்ணன் என் பிள்ளையின் மூச்சோடு விளையாடியிருக்கிறார். அந்நியன் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

அடுத்த ஞாயிறும் பையோடு வாசல் படலையில் நின்றார். மகள் "மாமா!" என்று ஓடிப்போய் வாங்கினாள். அதை அவள் கையிலிருந்து எடுத்து, கடைப் பைக்கற்றைப் பார்ப்பதுபோல, அவர் முன்னாலேயே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அண்ணை, இது எங்கட வீட்டு இறாலோ, உங்கட வீட்டு இறாலோ?"